வியாபாரிகள் கோர்ட்டில் நான் போட்ட கையெழுத்து

அந்தக் கட்டடத்தின் முகப்பில் வியாபாரிகள் சங்கத்தின் முழுப் பெயரும் எழுதியிருந்தது. கோயமுத்தூர் பழைய கடைவீதியில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆட்டோக்காரரிடம் 'வியாபாரிகள் கோர்ட்டு' என்றால் போதும், நேரே வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். கோர்ட்டு என்றாலும் அங்கே நீதிபதி கிடையாது, வக்கீல் கிடையாது. பருத்திப் பொதி நனைந்து வந்துவிட்டது என்றோ, மஞ்சளில் பழைய சரக்கைக் கலந்துவிட்டார்கள் என்றோ இரண்டு வியாபாரிகளுக்குள் தகராறு வந்தால் மாடியில் இருந்த நீண்ட கூடத்துக்கு வருவார்கள். ஐந்து பேர் உட்கார்ந்து கேட்டுச் சொல்வதே முடிவு, அதற்கு மேல் வேறெங்கும் போக மாட்டோம் என்று இரண்டு தரப்பும் ஒரு தடித்த நோட்டில் முதலில் கையெழுத்துப் போட வேண்டும். தகராறுக்குரிய சரக்கை நடுவில் இருக்கும் மேசைமேல் வைப்பார்கள். அப்புறம்தான் பேச்சு. நூறு வருஷத்துக்கு மேல் இப்படித்தான் நடந்து வந்தது.

எனக்கு அந்தக் கட்டடத்தோடு எந்த உறவும் இல்லை. நான் பீளமேட்டில் ஒரு கல்லூரியில் சிவில் பாடம் நடத்துகிறவள். பழைய மில் கட்டடங்களையும் கோயில் மண்டபங்களையும் பார்த்து, தாங்குமா தாங்காதா என்று எழுதிக் கொடுப்பது என் இரண்டாவது வேலை. நான்கு வருஷத்துக்கு முன் ஒரு ஐப்பசியில், மழை விட்ட ஒரு காலையில், சங்கத் தலைவர் போன் செய்தார். கூடத்தின் கிழக்கு மூலையில் தண்ணீர் இறங்குகிறது, காரை பெயர்ந்து விழுகிறது, ஒருமுறை வந்து பாருங்கள் என்றார். நல்ல மரியாதையான பேச்சு. நானும் மறுநாளே போனேன்.

கதவைத் திறந்துவிட்டவர் அங்கே எழுத்தராக இருந்தவர். எல்லோரும் அவரை ரைட்டர் என்றே கூப்பிட்டார்கள். அறுபதைத் தாண்டாத வயது, ஒல்லியான உடம்பு, முழுக்கைச் சட்டை. கோட்டைமேட்டுப் பக்கம் வாடகை வீட்டில் இருந்தார். மனைவி இறந்துவிட்டார், ஒரே மகளைத் தாராபுரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். முப்பது வருஷமாக அந்தக் கூடத்தில் சொல்லப்பட்ட ஒவ்வொரு முடிவையும் தன் கையால் எழுதியவர் அவர்தான்.

நான் ஏணி வைத்து மேலே ஏறியபோது கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டார். தேக்கு உத்திரங்களை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். நல்ல மரம் கணீரென்று பேசும். உளுத்த மரம் அட்டைப் பெட்டியைத் தட்டியதுபோல் இருக்கும். கிழக்கு மூலையில் நான்கு உத்திரங்கள் அப்படித்தான் சத்தம் போட்டன. மொட்டைமாடியில் தண்ணீர் போகும் வழியை ஒரு அரசங்கன்று அடைத்திருந்தது. அதன் வேர் சுவருக்குள் இறங்கி, வருஷக்கணக்காக மழைநீர் உத்திரத்தின் முனையில் தேங்கி நின்றிருக்கிறது. மற்றபடி சுவர்கள் உறுதியாக இருந்தன. மேற்குப் பக்கத்தில் இரும்புக் கம்பியால் சுரண்டியும் சுண்ணாம்புக் காரை உதிரவில்லை.

"என்னங்க மேடம், தேறுமுங்களா?" என்று கீழேயிருந்து கேட்டார்.

"நாலு உத்திரத்த மாத்தணுங்க. வேரை எடுத்துப்போட்டுத் தண்ணி போக வழி பண்ணிட்டாப் போதும்."

"அப்ப வழக்குக் கேக்க உக்கார்றதை நிறுத்த வேண்டியதில்லீங்களே?"

"இல்லீங்க. மேக்குப் பக்கமா மேசையை நகர்த்திட்டா வேலை பாட்டுக்கு வேலை நடக்கும்."

அவர் முகத்தில் அப்போது வந்த ஆறுதலை நான் பார்த்தேன். இப்போதும் அது கண்ணுக்குள் நிற்கிறது. நிற்காமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

அறிக்கை பதினான்கு பக்கம் வந்தது. மாணவர்களுக்கு நான் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்: ஆபத்தை முதல் பக்கத்தில் எழுது, வைத்தியத்தை அப்புறம் எழுது, உயிருக்கு ஆபத்தான விஷயத்தை யாரும் தேடிப் படிக்கும்படி வைக்காதே. அதன்படியே நானும் எழுதினேன். 'கிழக்குப் பகுதியின் கூரை இப்போதுள்ள நிலையில் பாதுகாப்பற்றது. அதன் கீழ் யாரும் இருக்கக் கூடாது' என்று முதல் பக்கம். எதை மாற்ற வேண்டும், எப்படி மாற்ற வேண்டும், மாற்றினால் இன்னும் எத்தனை காலம் நிற்கும் என்பதெல்லாம் அடுத்த பதின்மூன்று பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்துத் தலைவரிடம் கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து ரைட்டர் என் கல்லூரிக்கே வந்தார். வரவேற்பறையில் நாற்காலி காலியாக இருந்தும் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரே ஒரு தாள். என் அறிக்கையின் முதல் பக்கம். என் கையெழுத்து, என் முத்திரை.

"பொதுக்குழுவுல எல்லார் கையிலயும் இதை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தாங்க மேடம். இது ஒண்ணைத்தானுங்க. மிச்சம் பக்கம் இருக்குதுன்னு யாருக்கும் தெரியாது. இடிச்சுப்போட்டுக் காம்ப்ளெக்ஸ் கட்டறதுன்னு கை தூக்கிட்டாங்க."

நான் எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட அவர்கள் மாற்றவில்லை. பொய் என்று எதையும் காட்ட முடியாது. அந்த ஒரு பக்கத்தைத் தனியாக எடுத்தாலும் அதுவே முழுமையாக நிற்கும்படி எழுதியிருந்தது நான்தான்.

மாநகராட்சிக்குப் போகலாமா, பத்திரிகைக்குச் சொல்லலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அவர்தான் அந்த வழியைச் சொன்னார்.

"நீங்களும் சங்கத்துக்கு வேலை செஞ்சு கொடுத்தவிய. உங்க சரக்கைப் பாதியா வெட்டிக் காட்டியிருக்காங்க. இது நம்ம கூடத்துல கேக்க வேண்டிய வழக்குத்தானுங்க. புஸ்தகத்துல கையெழுத்துப் போட்டு நாயம் கெடைக்காமப் போனவிய இல்லீங்க மேடம். நான் முப்பது வருஷமாப் பாத்துட்டு இருக்கறேன்."

என் கணவருக்கு இது பிடிக்கவில்லை. அவர் மோட்டார் பம்பு உதிரிபாகம் செய்கிறவர். சங்கங்கள் எப்படி நடக்கும் என்று என்னைவிட அதிகம் தெரிந்தவர். "அவங்க மேலயே அவங்ககிட்டப் போய்ப் புகார் சொல்லப் போறியா?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். எனக்கோ அந்தக் கூடத்தின் மேல் ஒரு மயக்கம் வந்திருந்தது. அந்தக் கட்டடத்தைக் காப்பாற்றுவது என்றால் அதன் முறைப்படியே காப்பாற்ற வேண்டும் என்று பட்டது. அதில் ஒரு அழகு இருப்பதாக நினைத்தேன். ஐம்பது வயதில் இப்படியெல்லாம் நினைத்தேன் என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

ஒரு வியாழக்கிழமை முற்பகல் வழக்கு. கிழக்குப் பக்கம் கயிறு கட்டி அடைத்திருந்தார்கள். மேசை நான் சொன்னபடியே மேற்கே நகர்ந்திருந்தது. ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள்: பருத்தி வியாபாரம் செய்யும் இருவர், மஞ்சள் மண்டிக்காரர் ஒருவர், நாட்டுச் சர்க்கரை மண்டிக்காரர் ஒருவர், ஏலக்காய் மொத்த வியாபாரம் செய்யும் பாய் ஒருவர். எல்லோரும் எழுந்து நின்று எனக்கு வணக்கம் சொன்னார்கள். தலைவர் எனக்கு எதிரே உட்கார்ந்தார். அவர் என்னைவிட இளையவர். அமைதியான முகம்.

ஆரம்பிக்கும் முன்பே ஏலக்காய் பாய் ஒரு கேள்வி கேட்டார். "ஏனுங்க, நாங்க அஞ்சு பேருமே சங்கத்து ஆளுங்க. இந்த இடத்துல எங்களுக்கும் பங்கிருக்குது. நாங்க இதைக் கேக்கறது மொறைங்களா?"

தலைவர் என்னைப் பார்த்து, "மேடம் ஒத்துக்கிட்டாச் சரிதானுங்க" என்றார்.

ரைட்டர் தன் சிறிய மேசையிலிருந்து தலையை உயர்த்தினார். அங்கே பேச அவருக்கு உரிமை இல்லை. நான் அதை ஒரு பெருந்தன்மைப் போட்டியாக எடுத்துக்கொண்டேன். "எனக்கு ஆட்சேபம் இல்லீங்க" என்றேன். நோட்டை என் முன்னால் திருப்பி வைத்தார்கள். கையெழுத்துப் போட்டேன். தலைவரும் கொஞ்சமும் தயங்காமல் போட்டார். அவர் தயங்காததை நான் நல்ல அறிகுறி என்று நினைத்தேன்.

என் பதினான்கு பக்கத்தையும் மேசைமேல் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் பேசினேன். உத்திரம், வேர், காரை எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் குறுக்கிடவில்லை. நாட்டுச் சர்க்கரைக்காரர் எழுந்துபோய் மேற்குச் சுவரைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு தலைவர் பேசினார், மொத்தம் இரண்டு நிமிஷம்.

"மேடம் சொன்னது அத்தனையும் நெசமுங்க. முழுசாக் கொடுத்திருக்கோணும். கொடுக்காதது எங்க தப்புதானுங்க. மன்னிப்புக் கேட்டுக்கறேன். ஆனா கை தூக்கினவிய எங்க மெம்பருங்க. அவிய முடிவை மாத்தறதுக்கு இந்தக் கூடத்துக்கு அதிகாரம் இருக்குதுங்களா? இங்க ரெண்டு பேருக்கு நடுவுல இருக்கறதைத்தானுங்க பேசறது."

ஐவரும் பக்கத்து அறைக்குப் போய்விட்டுக் கால் மணி நேரத்தில் வந்தார்கள். வயதில் மூத்த பருத்தி வியாபாரி சொல்லச் சொல்ல ரைட்டர் எழுதினார். என் புகார் உண்மை. அறிக்கையை முழுதாகக் கொடுத்திருக்க வேண்டும். சங்கம் வருத்தம் தெரிவிக்கிறது. பொதுக்குழுவின் முடிவு அப்படியே இருக்கும். கடைசியாக, அங்கே எழுதப்பட்ட எல்லா முடிவுகளின் கீழும் வரும் வழக்கமான வரி: இந்த விஷயத்தை இரு தரப்பாரும் இனி வேறு எங்கும் எடுத்துச் செல்வதில்லை.

அந்த வரிக்கு வந்தபோது ரைட்டரின் பேனா நின்றது. மூத்தவர், "எழுதுங்க" என்றார், கடுமையாக அல்ல. ரைட்டர் எழுதினார். எழுதி முடித்து நோட்டை என்னிடம் கொண்டுவந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்பதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். எல்லோரும் சேர்ந்து காபி குடித்தோம். தலைவர் என் காரின் கதவைத் திறந்துவிட்டார்.

அதற்குப் பிறகு எனக்கு மூன்று போன்கள் வந்தன. ஒன்று, பழைய கட்டடங்களைப் பற்றி எழுதும் ஒரு பத்திரிகையாளர். இரண்டாவது, கட்டடக்கலை படிக்கும் மாணவி ஒருத்தி. இடிக்கக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். மூன்றாவது, இடிப்பதற்கான அனுமதியைப் பார்க்கும் அதிகாரி. மூவரும் கேட்டது ஒன்றுதான்: அந்தக் கட்டடம் நிஜமாகவே சரிசெய்ய முடியாததா? மூவரிடமும், அதைப் பற்றி நான் பேச முடியாது என்று சொன்னேன். அந்த மாணவி மட்டும் கொஞ்ச நேரம் போனை வைக்கவில்லை. "மேடம், ஆமா இல்லன்னு ஒரு வார்த்தை போதும்" என்றாள். நான் போனை வைத்துவிட்டேன்.

"அது என்ன நெச கோர்ட்டா?" என்றார் என் கணவர். தன் வக்கீல் நண்பரிடம் கேட்டுக்கூட வந்திருந்தார். ஒரு கட்டடம் ஆபத்தானதா இல்லையா என்று அதிகாரி கேட்டால் பதில் சொல்வதை அந்த மாதிரி ஒரு தாள் தடுக்க முடியாதாம். "ஒரு போன் பண்ணு. அவ்வளவுதான்."

நான் பண்ணவில்லை. ஏன் என்று அப்போது என்னிடம் நல்ல பதில் இருந்தது. சொன்ன சொல்லை மீறாமல் எத்தனையோ பேர் நஷ்டப்பட்டுப் போயிருக்கிறார்கள் அந்தக் கூடத்திலிருந்து. நான் மட்டும் எனக்குப் பிடிக்காத முடிவு வந்ததும் மீறினால், அந்த இடத்துக்கு என்ன மதிப்பு? அதோடு, முப்பது வருஷம் அந்த வரியை எழுதிய ஒரு மனிதரின் நம்பிக்கையை நான் எப்படிக் கெடுப்பது? இப்படிச் சொல்லிக்கொண்டேன். இரவும் பகலும் சொல்லிக்கொண்டேன். அதற்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அந்த முதல் பக்கத்தைப் பற்றி ஊருக்கு முன்னால் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும் என்ற பயம். எது எவ்வளவு என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

மாசி மாதம் இடித்தார்கள். நான் போயிருக்க வேண்டாம், போனேன். பொக்லைன் இயந்திரம் ஒரு காலைப்பொழுதில் கிழக்குப் பக்கத்தைத் தள்ளிவிட்டது. மேற்குச் சுவர் மறுநாள் மதியம்வரை நின்றது. அடித்த இடத்தில் வெள்ளையாகத் தழும்பு விழுந்ததே தவிர அசையவில்லை. வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவர் சிரித்தார். மற்றவர்கள் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

கிழக்குப் பக்கத்து உத்திரங்களை ஒரு மர வியாபாரி எடுத்திருந்தார். லாரியில் ஏற்றுவதற்காகத் தெருவில் வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். குனிந்து பார்த்தேன். சுவருக்குள் இருந்த முனையில் ஒரு சாண், அதற்கு மேல் நான்கு விரல், அவ்வளவுதான் உளுத்திருந்தது. மிச்சமெல்லாம் செக்கச்செவேலென்று கெட்டி மரம். சுத்தியலுக்கு அந்த முனைதான் பதில் சொல்லியிருக்கிறது. வியாபாரி என்னை வாங்க வந்தவள் என்று நினைத்துக்கொண்டார்.

"தாராளமா எடுத்துக்கலாமுங்க. முனையை அறுத்துப்போட்டா இன்னம் நூறு வருஷத்துக்கு ஒண்ணும் ஆவாதுங்க" என்றார்.

சுற்றிச் சுற்றி ரைட்டரைத் தேடினேன். அவர் வரவில்லை. முடிவுகள் எழுதிய நோட்டுகளை ஒரு வேனில் ஏற்றி எங்கோ குடோனுக்குக் கொண்டுபோனதாகக் காவலாளி சொன்னார். ரைட்டருக்கு இனி வேலை இல்லை என்று அதற்கு முந்தைய வாரமே சொல்லிவிட்டார்களாம்.

காம்ப்ளெக்ஸ் வரவில்லை. எந்த மாடியில் யாருக்கு எந்தக் கடை என்பதில் சங்கம் இரண்டாக உடைந்தது. இரண்டு தரப்பும் நிஜ கோர்ட்டில் வழக்குப் போட்டன. தடை உத்தரவு வந்தது. இடத்தைச் சுற்றித் தகரம் அடித்திருக்கிறார்கள். தகரத்தின் மேலாக எருக்கஞ்செடி எட்டிப் பார்க்கிறது. வியாபாரிகளுக்குள் தகராறு வராமல் இல்லை. எங்கே போகிறார்கள் என்று தெரியவில்லை. என் கணவருக்கும் பம்புக்கு இரும்பு வார்த்துத் தரும் ஒரு வார்ப்படக்காரருக்கும் தகராறு வந்து, இரண்டு பேரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். இருபது வருஷப் பழக்கம் அது.

போன வருஷம் தாராபுரத்துக்கு அருகே ஒரு பழைய அரிசி ஆலையைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். வேலை முடிந்ததும் ரைட்டரின் மகள் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தேன். அவரிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று வெகுநாளாக இருந்தது. நீங்கள் எழுதிய வரியை நான் மீறவில்லை, எத்தனை பேர் கேட்டும் வாய் திறக்கவில்லை என்று. வேறு யாருக்கும் அது புரியாது. அவருக்குப் புரியும் என்று நம்பினேன்.

மகள் என்னைப் பார்த்ததும் யாரென்று புரிந்துகொண்டாள். "அத்தா கோயமுத்தூருப் பேச்சே எடுக்கறதில்லீங்க. நீங்க பாத்துப் பேசுங்க" என்று தன் தகப்பனாரைப் பற்றி மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே டீ போடப் போனாள்.

அவர் இளைத்திருந்தார். சட்டைக் கை மணிக்கட்டுக்குக் கீழே தொங்கியது. என்னை உட்காரச் சொன்னார், கணவரைப் பற்றிக் கேட்டார், கல்லூரியைப் பற்றிக் கேட்டார். பிறகு நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். மூன்று போன்களைப் பற்றியும் சொன்னேன். அந்த மாணவியைப் பற்றிச் சொன்னேன்.

அவர் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார்.

"என்ர தப்புதானுங்க மேடம். நான்தான் உங்களைக் கையெழுத்துப் போடச் சொன்னேன்" என்றார்.

"அப்படியில்லீங்க. அஞ்சு பேருக்கும் பங்கிருக்குதுன்னு சொன்னப்பவே நான் எந்திரிச்சிருக்கோணும்."

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். பிறகு, குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"இருந்தாலும் நீங்க பேசுவீங்கன்னு நெனச்சேனுங்க. அந்த வரியை எழுதினதே நான்தான். அப்படியும் நெனச்சேன். இன்னிக்குப் பேப்பர்ல வரும், நாளைக்கு வரும்னு தெனமும் காலையில டீக்கடைக்குப் போய்ப் பாத்தேனுங்க. நான் சொன்னா யார் கேப்பாங்க? நீங்க சொன்னாக் கேட்டிருப்பாங்க."

மகள் டீ கொண்டுவந்து வைத்தாள். இருவரும் குடித்தோம். சூடாக இருந்தது, இனிப்பு அதிகமாக இருந்தது. வேறு எதையும் என்னால் கவனிக்க முடியவில்லை. அவர் என்மேல் கோபப்பட்டிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அவர் கோபப்படவில்லை. தன் தப்பு என்று சொன்னதைத்தான் திரும்பவும் சொன்னார்.

நான் வேண்டாம் என்றும் கேட்காமல் பஸ் ஸ்டாண்டுவரை நடந்து வந்தார். பல்லடம் வழியாகப் போகும் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஜன்னலோரம் இடம் பிடித்துத் தரட்டுமா என்று கேட்டார். இடம் இருக்கிறது என்றேன். "பாத்துப் போயிட்டு வாங்க மேடம்" என்றார். பஸ் கிளம்பும்வரை வெயிலில் நின்றார். நான் கையசைத்தபோது அவரும் அசைத்தார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம், ரைட்டர் நன்றாக இருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். அரிசி ஆலைக்கு எழுத வேண்டிய அறிக்கையை, முதல் பக்கத்தில் எதை வைப்பது என்று தெரியாமல், பல வாரம் எழுதவில்லை. அவர்கள் இரண்டு முறை போன் செய்துவிட்டு வேறு யாரிடமோ போய்விட்டார்கள்.